மருத்துவரும் ஆய்வாளரும் ஒருவரே: எம்.டி.–பிஎச்.டி. என்னும் நீண்ட பாதை

1968-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தின் (சுருக்கமாக என்.ஐ.எச்.) மருத்துவமனையில் இரண்டு குழந்தைகள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தங்கைக்கு ஆறு வயது, அண்ணனுக்கு எட்டு. அந்த வயதிலேயே இருவருக்கும் மாரடைப்பு வந்திருந்தது. இரத்தத்தில் கொழுப்பு இருக்க வேண்டிய அளவைப்போலப் பல மடங்கு. அவர்களைக் கவனித்துக்கொண்ட இளம் மருத்துவர் ஜோசப் கோல்ட்ஸ்டீனை ஒரு கேள்வி விடாமல் பிடித்துக்கொண்டது: ஒரே ஒரு மரபணு பழுதானால் உடம்பில் கொழுப்பு இப்படி ஏறுமா? நண்பர் மைக்கேல் பிரௌனும் அங்கேயே பயிற்சியில் இருந்தார். பிறகு இருவரும் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்தார்கள்.

அவர்கள் செய்த சோதனையைச் சொல்வது எளிது. நோயில்லாதவரின் தோல் செல்களையும் இந்த நோய் உள்ளவரின் தோல் செல்களையும் தனித்தனித் தட்டுகளில் வளர்த்தார்கள். எல்.டி.எல். என்னும் கொழுப்பைச் சேர்த்ததும் நோயில்லாதவரின் செல்கள் தாமாகக் கொழுப்பு தயாரிப்பதை நிறுத்திக்கொண்டன. நோயாளியின் செல்கள் எதுவும் நடக்காததுபோலத் தயாரித்துக்கொண்டே இருந்தன. வெளியே கொழுப்பு நிரம்பிக் கிடப்பது அவற்றுக்குத் தெரியவில்லை. எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி அந்தச் செல்களில் இல்லை என்று அதிலிருந்து தெரிந்தது. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டேட்டின் மாத்திரை போட்டதும் கல்லீரல் அந்த ஏற்பிகளைக் கூடுதலாக உண்டாக்கி இரத்தத்தின் கொழுப்பை இறக்குகிறது என்ற விளக்கமும் இவர்கள் வேலையிலிருந்து வந்ததுதான்.

கேள்வி பிறந்தது வார்டில், விடை கிடைத்தது ஆய்வகத்தில். இடையில் ஆள் மாறவில்லை. இந்த ஒன்றைத் திட்டமிட்டு, ஆண்டுதோறும், பல பேரிடம் நிகழ்த்திக் காட்ட முடியுமா என்ற முயற்சிதான் மருத்துவப் பட்டத்தையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கும் எம்.டி.–பிஎச்.டி. படிப்பு.

நம் ஊர் வாசகர் ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் எம்.டி. என்பது இங்குள்ள எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகரான முதல் மருத்துவப் பட்டம். நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பை முடித்த பிறகே அதில் சேர முடியும். இங்கு எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு வரும் சிறப்புப் பட்டம். ஆகவே அங்கே இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்காரர் எடுக்கும் முடிவை இங்கே முப்பதை நெருங்கியவர் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வயது வித்தியாசம் பின்னால் பல சிக்கல்களுக்குக் காரணமாகிறது.

முதல் இணைப்புப் படிப்பு 1956-இல் கிளீவ்லாந்து நகரின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1964-இல் என்.ஐ.எச். இதற்கென்று ஒரு நிதித் திட்டத்தை ஏற்படுத்தியது. முதலில் இடம்பெற்றவை மூன்றே கல்லூரிகள்: நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி, நியூயார்க் பல்கலைக்கழகம், சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன். இன்று அந்த நிதியைப் பெறும் கல்லூரிகள் ஐம்பதுக்கு மேல்.

ஆரம்ப காலத்தில் இந்தப் படிப்புக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. காரணம் வியட்நாம் போர். அப்போது மருத்துவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது, என்.ஐ.எச்.சில் இரண்டு மூன்று ஆண்டு ஆய்வு செய்வதை அதற்கு ஈடாக ஏற்றுக்கொண்டார்கள். நாட்டின் மிகச் சிறந்த இளம் மருத்துவர்கள் போட்டி போட்டுக்கொண்டு என்.ஐ.எச். இருக்கும் பெதஸ்டா நகருக்கு வந்தார்கள். 1968-இல் அங்கே நுழைந்த ஒரே அணியிலிருந்து கோல்ட்ஸ்டீன், பிரௌன், ஹெரால்டு வார்மஸ், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் என நான்கு பேர் பின்னாளில் நோபல் பெற்றார்கள். நால்வரில் ஒருவரிடமும் பிஎச்.டி. கிடையாது. வார்மஸ் மருத்துவத்துக்கு வருமுன் ஹார்வர்டில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தவர்.

அப்படியானால் முனைவர் பட்டம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அந்த நால்வருக்கும் பட்டத்துக்குப் பதிலாகக் கிடைத்தவை இவை: முழுநேர ஆய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு, கைபிடித்துச் சொல்லிக்கொடுக்கும் மூத்த விஞ்ஞானி, சம்பளம், பக்கத்திலேயே நோயாளிகள். 1973-இல் கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. 1979-இல் ஜேம்ஸ் வின்கார்டன், நோயாளியோடு இருந்து ஆராய்பவர் அழியும் நிலையில் உள்ள உயிரினம் போன்றவர் என்று எச்சரித்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் அவரே என்.ஐ.எச்.சின் தலைவரானார். இதற்கிடையில் மூலக்கூறு உயிரியல் பெரிதாக வளர்ந்துவிட்டது. இரண்டு ஆண்டு ஆய்வகப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அதில் காலூன்ற முடியாது என்ற நிலை வந்தது. இணைப்புப் படிப்பின் தேவை அப்போதுதான் உண்மையில் உறைத்தது.

படிப்பின் அமைப்பு பெரும்பாலும் இரண்டு, நான்கு, இரண்டு என்ற கணக்கில் ஓடுகிறது. முதல் இரண்டு ஆண்டு மற்ற மருத்துவ மாணவர்களோடு உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல் பாடங்கள். கோடை விடுமுறைகளில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் இருந்து பார்த்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மருத்துவத்தை நிறுத்திவைத்துவிட்டு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு ஆய்வு, தீசிஸ், வாய்மொழித் தேர்வு. அதன் பிறகு திரும்பி வந்து மருத்துவமனைப் பயிற்சி. மொத்தம் ஏறத்தாழ எட்டு ஆண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. சாதாரண மருத்துவப் பட்டதாரி அங்கே சராசரியாக இரண்டு லட்சம் டாலர் அளவுக்குக் கடனோடு வெளியே வருகிறார். அதனோடு ஒப்பிட்டால் இது பெரிய சலுகையாகவே தெரியும்.

சலுகைக்கு ஆசைப்பட்டுச் சேரக்கூடாது என்று வழிகாட்டிகள் மாணவர்களை எச்சரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. படித்து முடிக்கும்போது வயது முப்பதைத் தாண்டிவிடும். அதன்பின் சிறப்புத் துறையைப் பொறுத்து மூன்றிலிருந்து ஏழு ஆண்டு ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி, அதற்கு மேல் ஃபெலோஷிப் என்னும் உயர்சிறப்புப் பயிற்சி. நேரே மருத்துவம் படித்த வகுப்புத் தோழர் அதற்குள் நான்கைந்து ஆண்டு முழுச் சம்பளம் வாங்கியிருப்பார். வராமல்போன அந்தச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தால் மிச்சமான கட்டணம் அதில் கரைந்துவிடும். ஆர்.01 எனப்படும் முதல் பெரிய தனி ஆய்வு நிதி கைக்கு வரும்போது இவர்களுக்குச் சராசரி வயது 44-ஐ ஒட்டியிருக்கிறது. வீடு, திருமணம், குழந்தை என எல்லாம் இந்த நீண்ட காலத்துக்குள்தான் அமைய வேண்டும். பெண்களுக்கு இந்தப் பாரம் இருமடங்கு. பயிற்சியின் மிகக் கடினமான ஆண்டுகளும் குழந்தை பெற்றுக்கொள்ளும் ஆண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. பாதை நீளநீள முதலில் வெளியேறுவது பெண்கள் என்பதைப் படிப்பை வடிவமைப்பவர்கள் இன்னும் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு ஆண்டில் எது கடினம் என்று கேட்டால் பலரும் சொல்வது ஆய்வகத்திலிருந்து வார்டுக்குத் திரும்பும் முதல் சில மாதங்களைத்தான். நேற்றுவரை ஒரு புரதத்தைப் பற்றி உலகில் பத்துப் பேருக்குள் ஒருவராக அறிந்து வைத்திருந்தவர், காலை ஏழு மணி ரவுண்ட்ஸில் எல்லோருக்கும் பின்னால் நிற்கிறார். பொட்டாசியம் அளவு 6.2 வந்திருக்கிறது, முதலில் என்ன கொடுப்பாய் என்று கேட்கும் ரெசிடென்ட், இரண்டாம் ஆண்டில் இவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து படித்த தோழராக இருக்கலாம். கால்சியம் குளுகோனேட் என்ற விடை நாக்கு நுனிவரை வந்து நிற்கும். நான்கு ஆண்டாகத் தொடாத ஸ்டெதஸ்கோப்பில் இதயத்தின் முணுமுணுப்பு முதலில் பிடிபடாது. நல்ல கல்லூரிகள் இதைத் தெரிந்துகொண்டு, ஆய்வு ஆண்டுகளிலும் மாதத்தில் ஓரிரு அரை நாள் புறநோயாளிப் பிரிவில் உட்கார வைக்கின்றன. சின்ன ஏற்பாடு, ஆனால் பெரிய உதவி.

கைப்பழக்கத்தோடு நிற்பதில்லை, மனப்பழக்கமும் மாற வேண்டியிருக்கிறது. வார்டில் தாமதம் கூடாது. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு இப்போதே முடிவெடுக்க வேண்டும், தெரிந்த வழியை விட்டு விலகக் கூடாது. ஆய்வகத்தில் அவசரம் கூடாது. எல்லோரும் ஒப்புக்கொண்டதைச் சந்தேகிக்க வேண்டும், மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தாலும் தளரக் கூடாது. முதல் முறை சோதனை தோற்கும்போது, பள்ளியிலிருந்து முதல் மதிப்பெண் மட்டுமே வாங்கிப் பழகிய மருத்துவ மாணவர் நிலைகுலைந்து போவதுண்டு. இந்த இரண்டு மனநிலைகளையும் ஒரே ஆள் பழகிக்கொள்வதுதான் இந்தப் படிப்பின் உண்மையான பலன். புத்தகம் படித்து அது வராது.

பலன் கண்ட பெயர்கள் குறைவில்லை. கேஸ் வெஸ்டர்னின் தொடக்க கால மாணவர்களான ஃபெரிட் முராடும் ஆல்ஃபிரட் கில்மனும் நோபல் பெற்றார்கள். இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆய்வுக்காக முராடுக்கு 1998-இல் கிடைத்தது. செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி-புரதங்களுக்காகக் கில்மனுக்கு 1994-இல். 1987-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பட்டங்களையும் பெற்ற டிரூ வைஸ்மன், கட்டலின் கரிகோவோடு சேர்ந்து 2005-இல் வெளியிட்ட கட்டுரைதான் கோவிட் காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு வழிதிறந்தது. 2023-இல் இருவரும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் இரட்டைப் பட்டம் வாங்கிய கார்ல் டைசரோத் மனநல மருத்துவர். பாசியிலிருந்து எடுத்த, ஒளிபட்டால் திறக்கும் ஒரு புரதத்தை நரம்புச் செல்லுக்குள் வைத்து, வெளிச்சத்தைக் கொண்டு அந்தச் செல்லை இயக்க முடியும் என்று 2005-இல் அவருடைய குழு காட்டியது. உலகப் புகழுக்குப் பிறகும் அவர் மனச்சோர்வு நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை. எந்த நரம்புச் சுற்று கெட்டால் ஒரு மனிதர் படுக்கையை விட்டு எழவே மனமில்லாமல் போகிறார் என்ற கேள்வி, அப்படி எழ முடியாதவரை எதிரில் உட்கார வைத்துப் பேசியவருக்குத்தான் கூர்மையாக எழும்.

இரட்டைப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் மருந்து நிறுவனங்களிலும்தான் இருக்கிறார்கள். ஆனால் கல்லூரியில் பதவி இருப்பதும் ஆய்வு செய்துகொண்டிருப்பதும் வேறு வேறு. நோயாளி பார்த்தால் மருத்துவமனைக்கு வருமானம். ஆய்வு செய்தால் செலவு. துறைத் தலைவருக்கு எந்தப் பக்கம் நெருக்கடி என்று சொல்ல வேண்டியதில்லை. இதைத் தடுக்கவே என்.ஐ.எச். இளம் ஆய்வு மருத்துவர்களுக்குத் தரும் கே.08, கே.23 நிதிகளுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: நிதி பெறுபவரின் வேலை நேரத்தில் குறைந்தது 75 சதவீதம் ஆய்வுக்கே போக வேண்டும், அதற்குக் கல்லூரி எழுத்தில் உறுதி தர வேண்டும். ஆய்வில் தொடர்பவர்களின் கல்விக் கடனை ஆண்டுக்கு 50,000 டாலர் வரை அடைத்துக்கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. அமெரிக்க அனுபவத்திலிருந்து மற்றவர்கள் கற்க வேண்டியது பட்டத்தின் பெயரைக் காட்டிலும் இந்த நிபந்தனையைத்தான்.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் 1989-இலேயே எம்.பி.–பிஎச்.டி. படிப்பைத் தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் மருத்துவ மாணவர்கள் படிக்கும்போதே ஒரு சிறிய ஆய்வேடு எழுதி டாக்டர் பட்டம் வாங்குவது பழைய வழக்கம். ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் அதைத் தனியாக முனைவர் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. ஆகவே ஹனோவர் மருத்துவக் கல்லூரி போன்றவை தனியாக இணைப்புப் படிப்புகளைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இந்தியாவுக்கு வந்தால், இந்த இரட்டைப் பாதையில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். பீமாவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து அறுவைசிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சகோதரர்களை ஸ்புரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா போய், மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்து 1930-இல் உயிர்வேதியியலில் பிஎச்.டி. பெற்றார். ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தைத் தயாரிக்கும் வழி, யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் ஊரில் வீடுவீடாகக் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரை, முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்து, மெத்தோட்ரெக்சேட் என்னும் புற்றுநோய் மருந்து எல்லாம் அவர் வழிநடத்திய ஆய்வகத்திலிருந்து வந்தவை. அங்கிருந்து போன அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்துத்தான் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முறையாகச் சில மாதங்களாவது அடக்கிக் காட்டினார். அந்த முடிவுகள் அச்சில் வந்த 1948-ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் காலமானார்.

அவருக்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கழித்தும் இங்கே நிலைமை தெம்பளிப்பதாக இல்லை. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் தீசிஸ் எழுதியாக வேண்டும். பல இடங்களில் அது ஒரு சடங்காகவே முடிந்துபோகிறது. 2005 முதல் 2014 வரை 579 இந்திய மருத்துவ நிறுவனங்களின் ஆய்வு வெளியீட்டைக் கணக்கெடுத்துச் சமிரன் நந்தியும் சக மருத்துவர்களும் 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பத்து ஆண்டில் 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே. மொத்த வெளியீட்டில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த 25 இடங்களிலிருந்து வந்தது.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். எய்ம்ஸில் எம்.டி. படிக்கும் ஜூனியர் ரெசிடென்ட்டுக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் மாதம் 56,100 ரூபாய், படிகள் தனி. பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்பவருக்கு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023-இல் உயர்த்தப்பட்ட பிறகும் 37,000. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு பிஎச்.டி. என்று சொன்னால் வீட்டிலேயே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீட் பி.ஜி. எழுதாமல் ஏன் காலத்தை வீணாக்குகிறாய் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். எல்லாவற்றையும் மீறிப் பட்டம் வாங்கினாலும் அரசு மருத்துவக் கல்லூரியில் அதே ஓ.பி. வரிசை, அதே இரவுப் பணி, அதே தேர்வுப் பணி. ஆய்வுக்கு என்று நேரம் ஒதுக்கிய பணியிடம் அரிது.

இவ்வளவுக்கு நடுவிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒரு நல்ல சான்று. அங்கேயே எம்.பி.பி.எஸ்., நுண்ணுயிரியலில் எம்.டி., பிஎச்.டி. மூன்றையும் படித்தவர் ககன்தீப் காங். அவருடைய குழு வேலூரின் ஏழை மக்கள் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு பின்தொடர்ந்தது. 373 குழந்தைகள் கடைசிவரை ஆய்வில் இருந்தார்கள். களப்பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வயிற்றுப்போக்கு உண்டா என்று விசாரித்து, மல மாதிரிகளைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இதேபோல் முன்பு மெக்சிகோவில் செய்த ஆய்வில், இருமுறை ரோட்டா வைரஸ் தொற்று வந்துபோன குழந்தைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அங்கே வேலை செய்யும் தடுப்பூசி இங்கேயும் அதே அளவு வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதனால் தெரிந்தது. 2011-இல் இது வெளியானது. டெல்லி எய்ம்ஸில் குழந்தை மருத்துவர் எம்.கே. பான் கண்டெடுத்த வைரஸ் வகையிலிருந்து உருவான ரோட்டாவாக் தடுப்பூசி டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சோதிக்கப்பட்டு, 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2019-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்வான முதல் இந்தியப் பெண் ககன்தீப் காங்தான்.

அதே கல்லூரியில் ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு மரபணு சிகிச்சை செய்த முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. ஐவருக்கும் இரத்தக்கசிவு நின்றது. ஸ்ரீவஸ்தவா இரத்தவியல் மருத்துவர்; அவர் பெயருக்குப் பின்னால் பிஎச்.டி. இல்லை. ஆனால் கல்லூரியோடு இணைந்து ஒரு ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. டல்லாஸில் நடந்ததும் வேலூரில் நடப்பதும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: இடமும் நேரமும் அமைந்தால் பட்டம் இல்லாமலும் வேலை நடக்கும், அவை அமையாவிட்டால் இரட்டைப் பட்டமும் சுவரில்தான் தொங்கும்.

புதிய முயற்சிகள் சில நம்பிக்கை தருகின்றன. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இரண்டு மாதம் ஆய்வு அனுபவம் தரும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) குறுகிய காலத் திட்டம் 1979-இலிருந்து நடக்கிறது. முதுநிலை மருத்துவர்களுக்கான எம்.டி.–பிஎச்.டி. உதவித்தொகையும் அதே ஐ.சி.எம்.ஆரிடம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கி, மருத்துவர்களையும் முனைவர் ஆய்வுக்கு அழைக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மருத்துவமனையோடு கூடிய முதுநிலை மருத்துவப் பள்ளி அமைகிறது. அதற்கு 2022-இல் பாக்சி, பார்த்தசாரதி தம்பதிகள் 425 கோடி ரூபாய் நன்கொடை அறிவித்தார்கள். மருத்துவத்தையும் ஆய்வையும் இணைத்த படிப்பே அந்தப் பள்ளியின் அடிப்படைத் திட்டம்.

அமெரிக்கா போய் இந்த இணைப்புப் படிப்பைப் படிக்கலாமா என்று கேட்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. என்.ஐ.எச். பயிற்சி நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டவரைத் தங்கள் சொந்தப் பணத்தில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் மிகச் சில. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர் அங்கே போனால் நேரடியாகப் பிஎச்.டி.யில் சேர்வதோ, உரிமத் தேர்வெழுதி ரெசிடென்சிக்குப் போய் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதோதான் நடைமுறையில் உள்ள வழி. எங்கே சேர்வதானாலும் மூன்று விஷயங்களை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வழிகாட்டியின் பழைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஆய்வு ஆண்டுகளில் நோயாளியைப் பார்க்க வாய்ப்பு உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத இடத்தில் எட்டு ஆண்டைக் கொடுக்க வேண்டாம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிகளுக்குக் குறைவில்லை, விடை தெரியாத கேள்விகளுக்கும் குறைவில்லை. முதல் கட்டமாகப் பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் ஐந்து பணியிடங்களையாவது ஆய்வு மருத்துவர் பணியிடங்களாக அரசு அறிவிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அவர்களை ஓ.பி.க்கு அழைக்கக் கூடாது என்பதை அரசாணையிலேயே எழுத வேண்டும். ஆய்வு உதவித்தொகை ரெசிடென்ட் சம்பளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்தபிறகு இணைப்புப் படிப்பைத் தொடங்கினால் சேர ஆள் வருவார்கள்.